இரண்டரை மில்லிமீட்டர்

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு, காலை பத்து நாற்பது. சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. இனயத்திலிருந்து என் நண்பன் பூசை முடிந்து, வழக்கம்போல் மீனோடு வந்தான். ராணுவத்தில் அவன் டாங்கு ஓட்டியவன். நான் அதைப் பழுது பார்த்தவன்.

மேசையில் அதே டாங்கின் பிளாஸ்டிக் மாதிரி பாதி ஒட்டியபடி இருந்தது. துபாயிலிருந்து மகன் கொண்டுவந்தது. அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதன் டரட், அதாவது பீரங்கியோடு சுழலும் மேற்பகுதி, எனக்குச் சட்டிமூடிபோல் தட்டையாகத் தெரிந்தது.

பட்டறையில் டேப் கிடைக்காத நாட்களில் எதையும் சாணால் அளப்பேன். டரட்டின் உயரம் மூன்றரைச் சாண், மறக்கவில்லை. என் சாணை ஸ்கேலில் வைத்தேன், இருபது சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் மாதிரியில் இரண்டு சென்டிமீட்டர் வரவேண்டும். அளந்தேன். இம்மி பிசகாமல் இருந்தது.

"கம்பெனிக்காரன் அளந்து செய்தவன் மக்கா. உனக்குக் கண்ணுதான் கோணல்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மத்தியானம் பழைய அரத்தை எடுக்கக் கட்டிலுக்கடியிலிருந்த ராணுவ டிரங்கை இழுத்தேன். நான்கு சாண் நீளம் என்று அந்தக் காலத்தில் அளந்து வாங்கிய பெட்டி. கை சும்மா இருக்குமா? அளந்தேன். நாலரை. இரும்புப் பெட்டி வளராது. மூட்டுவலியில் என் விரல்கள்தான் விரிய மறுக்கின்றன. இன்றைய கணக்கில் பெட்டி தொண்ணூறு சென்டிமீட்டர், நாலால் வகுத்தால் அன்றைய சாண் இருபத்திரண்டரை. அப்படியானால் மாதிரியின் டரட் இரண்டரை மில்லிமீட்டர் குட்டை. என் கண் கோணலில்லை.

"பிள்ள ஆசையா வாங்கித் தந்தது, நாசமாக்கிராதீங்க" என்றாள் மனைவி. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கெட்டுப்போனால் மகனிடம் என்ன சொல்வது? கல்யாணக் கார்டு ஒன்றில் சரியான வளைவை வெட்டிக்கொண்டேன். டரட்டின்மேல் பட்டிப் பசை பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கார்டை வைத்துப் பார்ப்பேன். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே மறுபடி பட்டி. வாரம் முழுக்க இதே வேலை.

அடுத்த ஞாயிறு நண்பன் வந்தான். டிரங்கு விஷயத்தை நான் சொல்லவில்லை. அவன் மீன்பையைக் கீழே வைத்தான், மேசையில் தாடையை ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கமிருந்து பார்த்தான். வண்டியில் ஏற நடந்து வருகிறவனுக்கு அது அப்படித்தான் தெரியும்.

"இது நம்ம வண்டிதான் மக்கா. இனி கை வைக்காத."

பிறகு, எவ்வளவு ஆச்சு என்று கேட்டான். பட்டி, உப்புத்தாள், மார்த்தாண்டம் போய்வந்த பஸ், எல்லாம் சேர்த்து இருநூற்று ஏழு ரூபாய்.