அண்ணர் சொன்னார், நான் எழுதினேன்

அண்ணரின் உயிர் பிரிந்த காலையில் வீட்டில் நின்றவர்களை முதலில் எழுதுகிறேன். எங்கள் தகப்பனார், அப்பு, வாசற்படியில் இருந்தார். அப்புவின் தங்கை, மாமி, கால்மாட்டில் நின்றார். அண்ணரிடம் படித்த நவரத்தினம் தம்பி சுன்னாகத்தில் இருந்து வைத்தியம் பார்க்கும் பரியாரியாரைக் கூட்டி வந்திருந்தார். பரியாரியார் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டார். நான் தலைமாட்டில் இருந்தேன். அம்மா இல்லை. அவர் முன்னமே போய்விட்டார்.

நான் அண்ணரின் ஒரே சகோதரி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். இப்படியான நினைவு மலர்களில் படித்தவர்கள்தான் எழுதுவது வழக்கம். நான் மாட்டேன் என்றேன். "நீங்கள் எழுதாமல் வேறை ஆர் எழுதிறது, அக்கா? வாத்தியாரின்ரை கை நீங்கள்தானே" என்றார் நவரத்தினம் தம்பி. அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

அண்ணர் பிறந்ததும் போனதும் இந்த வீட்டில்தான். புகையிலையும் வெங்காயமும் எங்கள் பாடு. மூத்த பிள்ளையைத் தோட்டத்து இறைப்புக்கு மறிக்காமல் அப்பு ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு விட்டார். அண்ணர் நன்றாகப் படித்தார். அவருக்குப் பதினாறு வயது நடக்கும்போது ஊரில் அம்மாள் வருத்தம், பெரியம்மை, வந்தது. அண்ணரைப் பிடித்தது. அம்மா பக்கத்தில் இருந்து பார்த்தார். அண்ணர் எழும்ப அம்மா படுத்தார். அம்மா எழும்பவில்லை. சத்தம் போடாமல் எடுத்துப் போனார்கள். அண்ணருக்கு நான் கஞ்சி கொண்டுபோனேன். என் கையைத் தடவிப் பார்த்தார். "அம்மா எங்கை?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு அறிந்துகொண்டார். இரண்டு கண்ணும் போனதையும் அந்த மாதம்தான் நாங்கள் அறிந்தோம்.

கண் இல்லாதவரைக் கோயிலில் தேவாரம் பாட விடச் சொல்லி ஊரவர்கள் அப்புவிடம் சொன்னார்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அண்ணர், "தேவாரம் பாடுறன். ஆனால் சோத்துக்குப் பாடமாட்டன்" என்றார். அவர் நினைத்தது ஒன்றுதான். ஆசிரியர் பரீட்சையில் தேறி, வகுப்பில் நின்று ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும். இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்பு சிரிக்கவில்லை. உதவியும் செய்யத் தெரியவில்லை.

அண்ணர் முற்றத்து மணலில் விரலால் எழுதி ஆங்கில எழுத்துகளை எனக்குப் பழக்கினார். தான் பார்க்க முடியாததை எழுதினார். நான் பார்த்துச் சொன்னேன். பிறகு அவருடைய இலக்கணப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன். ஒரு சொல் முடிந்தால் கொஞ்சம் நிற்பேன். அவர் சேர்த்துக்கொள்வார். எனக்குக் கருத்துத் தெரியாது. விறகு அடுக்குகிற மாதிரி எழுத்தை அடுக்கிக்கொண்டு போவேன். புத்தகம் முடிய மூன்று வருடம் சென்றது. முடிந்ததும் முதலில் இருந்து தொடங்கச் சொன்னார்.

பரீட்சைக்கு அண்ணர் சொல்ல வேறு ஒருவர் எழுதலாமா என்று கேட்டுக் கொழும்புக்கு எழுதுவித்தோம். பதில் வந்தது. தபால் கந்தோர் ஐயா வாசித்துச் சொன்னார். எழுதலாம். ஆனால் எழுதுகிறவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கக் கூடாது. ஊரில் தேடினால், ஆங்கில எழுத்துத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலமும் தெரியும். தெரியாதவர்களுக்கு எழுத்தும் தெரியாது. எழுத்து மட்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அப்போது எனக்குச் சாவகச்சேரியில் ஒரு கடைக்காரர் வீட்டில் கலியாணம் பேசி முக்கால்வாசி முற்றாகி இருந்தது. மாமி வந்து கத்தினார்.

"குமர்ப்பிள்ளையைப் பட்டணத்திலை ஆம்பிளையள் குந்தியிருக்கிற மண்டபத்துக்கு அனுப்பப் போறியோ, அண்ணை? உனக்குப் புத்தி பிசகிப்போச்சோ?"

"நானும் போறன்தானே" என்றார் அப்பு.

"நீ போய் என்ன செய்வாய்? மரத்துக்குக் கீழை இருந்து வெத்திலை போடுவாய்."

"ஓம். அதுதான் செய்வன்."

அப்படித்தான் செய்தார். சுன்னாகம் ஸ்டேசனில் கோச்சி ஏறி மூன்று பேரும் போனோம். மண்டபத்தில் எங்களுக்கு ஒரு மூலை. மேற்பார்வையாளர் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். ஆங்கிலப் பத்திரிகையைத் தந்து வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "சரி, எழுதலாம்" என்றார். கேள்விகள் ஏழு. அண்ணர் காதோடு எழுத்தெழுத்தாகச் சொன்னார். நான் எழுதினேன். மூன்றாவது கேள்வி முடிய மணி அடித்தது. மற்ற நாலுக்கும் அண்ணருக்கு விடை தெரியும். கையில் நேரம் இல்லை.

பரீட்சையும் தவறியது, சாவகச்சேரியில் இருந்தும் ஆள் வந்தது. சோதினைக்குப் போகிற பொம்பிளை தங்களுக்குச் சரிவராதாம். அப்பு வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அண்ணர் அன்று சாப்பிடவில்லை. இனிப் பரீட்சை வேண்டாம் என்றார். நான், "போனது போயிட்டுது, அண்ணை. இப்ப நீங்களும் விட்டால் ரெண்டும் போகும்" என்றேன். அவருக்கு நான் எதிர்த்துச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அடுத்த பரீட்சைக்குள் என் கை வேகமாக வேண்டும். எழுத்தெழுத்தாக எழுதினால் ஏழு கேள்வி ஒருநாளும் முடியாது. அதனால் சொல் சொல்லாகப் பழக்கினார். 'இங்' என்றால் மூன்று எழுத்தும் ஒரே இழுப்பில் வர வேண்டும். 'ஹாவிங்' என்றால் முழுச் சொல்லும் நிற்காமல் வர வேண்டும். என் விரலால் தன் உள்ளங்கையில் எழுதச் சொல்வார். சரியென்றால் பேசாமல் இருப்பார். பிழையென்றால் கையை மூடிவிடுவார்.

அந்த வருடம்தான் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இலக்கணம் படிக்க வரத் தொடங்கினார்கள். மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து இருப்பார்கள். நான் அந்தப் பக்கத்தில் நெல்லு இடிப்பேன். கேட்டுக்கொண்டு இடித்ததில் சில இன்னும் நினைவில் இருக்கின்றன.

"'கிணத்தடியாலை நடந்து வந்து பூவரசு விழுந்துது.' ஆரடா நடந்து வந்தது?"

"பூவரசு, வாத்தியார்."

"ஏன், பூவரசுக்குக் கால் முளைச்சிட்டுதோ? இங்கிலிஷிலை எல்லாரும் விடுற பிழை உதுதான். செய்ததைச் சொல்லிப்போட்டுச் செய்தவனை ஒளிக்கக் கூடாது. அவனைக் கொண்டுவந்து பக்கத்திலை நிப்பாட்டு."

'ஹாவிங்' போன்றவை வினையில் இருந்து பிறந்து, வினையாக நில்லாமல் இன்னொன்றைச் சார்ந்து நிற்கும் சொற்கள் என்று சொல்வார். ஒன்று செய்கிறது, மற்றது பட்டது. "கெடுக்கிற வருத்தம். கெட்ட கண். விளங்குதோ?" என்பார். அவர் அடுத்ததுக்குப் போய்விடுவார்.

இன்னொரு நாள்: "'நேத்து நான் விதைச்சன், இறைச்சன், களை பிடுங்கல்.' இப்பிடி ஆரும் கதைப்பினமோ? மூண்டும் ஒரே மாதிரி வரவேணும். ரெண்டு எருதோடை ஒரு கிடாயைப் பூட்டினால் வண்டில் எங்கை போகும்?"

"கிடாய் வேலியிலை குழை தின்னப் போயிடும், வாத்தியார்" என்றார் நவரத்தினம் தம்பி. அப்போது அவர் சின்னப் பிள்ளை.

"வசனமும் அங்கைதான் போகும். கூடப் போய் நீயும் தின்."

அண்ணர் வாய்விட்டுச் சிரித்தது குறைவு. அன்று சிரித்தார்.

அடுத்த வருடம் மறுபடியும் மூன்று பேரும் கோச்சி ஏறினோம். அதே மண்டபம், அதே மூலை, அதே பெரியவர். இந்த முறை பத்திரிகை தரவில்லை. என்னை நினைவு வைத்திருந்தார். அண்ணர் சொல்லச் சொல்ல என் கை நிற்கவில்லை. மணி அடிக்க முன்னமே எழுதி முடித்தோம். அண்ணர் தன் உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார்.

பெரியவர் தாளை எடுத்துப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பிள்ளை, போன முறை எழுத்தெழுத்தாய் எழுதினாய். இந்த முறை அவர் சொல்லைச் சொல்ல நீ எழுதினாய். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

"ஓம், ஐயா. பழகினனான்."

ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். 'ஹாவிங்.' "இதுக்கு என்ன கருத்து எண்டு தெரியுமோ?"

அண்ணர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். தெரியாது என்று சொன்னால் தாள் கொழும்புக்குப் போயிருக்கும், அண்ணரும் தேறியிருப்பார். அது எனக்கு விளங்கியது. ஆனால் கேட்டது பெரிய மனிசன். அண்ணர் பக்கத்தில் இருக்கிறார். எனக்குப் பொய் வரவில்லை.

"'ஒண்டைச் செய்துமுடிச்சுப்போட்டு' எண்டு வரும், ஐயா. செய்த ஆள் பக்கத்திலை நிக்கவேணும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரியாத்தான் சொல்லுறாய், பிள்ளை. அதுதான் கரைச்சல்."

அவர் கெட்டவர் அல்லர். விதி அப்படி. நடந்ததை எழுதித் தாளோடு வைத்துக் கட்டினார். இரண்டு மாதத்தால் கடிதம் வந்தது. தாள் தள்ளுபடி.

பரீட்சை நாளன்று திரும்பும் கோச்சியில் அப்பு எங்கள் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். கோச்சி பாதி வழி வந்த பிறகு அண்ணர் வாய் திறந்தார்.

"பிள்ளை, நீ சொன்ன கருத்துச் சரி."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை போகவில்லை. எழுத வேறு ஆள் இல்லை. இனி எனக்கும் ஏலாது. மறக்க ஏலாததைக் கற்றுவிட்டேன். பள்ளிக்கூட மனேச்சரிடம் அப்பு ஒருமுறை போய்க் கேட்டார். ஆசிரியர் பத்திரம் இல்லாதவரை எடுக்க முடியாது என்றார் அவர். அண்ணர் கடைசி வரைக்கும் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் படிப்பித்தார். அவரிடம் படித்தவர்கள் கொழும்பிலும் மலாயாவிலும் கந்தோர் உத்தியோகம் பார்த்தார்கள். ஒருவரைப் பற்றியும் தான் ஆளாக்கினது என்று அண்ணர் சொன்னதில்லை. ஊரில் வாத்தியார் என்றால் அவர்தான். கடுதாசியில் அவர் வாத்தியார் இல்லை.

அவர் கலியாணம் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

யுத்தம் வந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. பிள்ளைகள் வருவது குறைந்தது. மலாயாக் கடிதங்கள் நின்றுபோயின. அண்ணர் ஒவ்வொரு நாளும் தபால் வந்ததா என்று கேட்பார். யுத்தம் முடிந்த பிறகு இரண்டு பேரிடம் இருந்துதான் கடிதம் வந்தது. மற்றவர்களைப் பற்றித் தெரியாது. அதற்கடுத்த மாரியில் அண்ணருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டில் பூட்டினோம். வேண்டாம் என்றார். மூன்றாம் கிழமை போய்விட்டார்.

வருடம் முடிந்து செய்யும் ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த மலரை வாங்கும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கோச்சியில் எங்களுக்கு இடம் விட்டு எழும்பியவர்களுக்கு நன்றி. கடிதங்களை வாசித்துச் சொன்ன தபால் கந்தோர் ஐயாவுக்கு நன்றி. மழையில் நடந்து வந்த பரியாரியாருக்கு நன்றி. பாடை சுமந்த அண்ணரின் பிள்ளைகளுக்கு நன்றி. பிள்ளைகள் என்றே எழுதுகிறேன். மாமி என்னோடு கோபித்திருந்தும் அந்த மூன்று கிழமையும் எங்கள் வீட்டில்தான் சமைத்தார். அவருக்கும் நன்றி. அச்சுக்கூலியைத் தானே கொடுத்த நவரத்தினம் தம்பிக்கு நன்றி. அப்புவுக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கடைசியாக அண்ணர் கதைத்ததை எழுதி முடிக்கிறேன். போவதற்கு முதல் நாள் பின்னேரம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கி இருந்தது. உள்ளங்கையை விரித்து நீட்டினார். என்ன எழுத என்று கேட்டேன். எழுத வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ரெண்டாந்தரம் போனனாங்கள் எல்லோ, பிள்ளை. கேட்டது எத்தினை?"

"ஏழு, அண்ணை."

"எழுதினது?"

"ஏழு."