அங்கம்மாவின் பில்லில் ஒட்டியிருந்த தாள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல இருபது வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெயர் மருதாசலம். தேவாலாப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். தொழிலாளிகளின் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து, எவ்வளவு திருப்பித் தரலாம் என்று எழுதுவது என் வேலை. சாயங்காலம் கொழுந்து எடை எழுதுவதும் நான்தான். அங்கம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான்தான் எழுத வேண்டும்.

அங்கம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெற்றவர்கள் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். புருஷன் போய்விட்டான்; மகள் சுகுணா கூடலூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அட்டை கடித்தால்கூட அங்கம்மா நிற்க மாட்டாள், உருவி எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவாள். எடை எழுதும்போது மற்ற பெண்கள் என் நோட்டை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அவள் மட்டும் பையை இறக்கிவிட்டு, "நீங்க எழுதுனா சரிதாங்கய்யா" என்று போய்விடுவாள். அவளைத்தான் நான் திருடி என்றேன்.

போன ஜூலை, அடைமழை. ரெயின்கோட்டுக்குள் பொத்தி எடுத்து வந்தும் அவள் பில் தொப்பலாக நனைந்திருந்தது. கர்ப்பப்பை ஆபரேஷன், கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, எழுபத்தெட்டாயிரம். அதற்கு முந்தின வாரம்தான் அவளோடு கொழுந்து பறிக்கும் ஜானகி அதே ஆபரேஷனை இங்கே மலையிலுள்ள தர்ம ஆஸ்பத்திரியில் முடித்து, முப்பத்தோராயிரத்துக்கு பில் கொடுத்திருந்தாள். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது.

எடைக் கொட்டகையில் நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். அங்கேயே ஆரம்பித்தேன்.

"ஏனம்மா, ஜானகிக்கு முப்பத்தொண்ணு, உனக்கு எழுபத்தெட்டா? உன்னுது என்ன தங்கத்துல செஞ்சதா?"

கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இனிக்கத்தான் செய்தது.

"அய்யா, மொதல்ல இங்கதாங்க போனேன், அவுங்கதான்..."

"நிறுத்து. ஆஸ்பத்திரிக்காரனும் நீயும் பங்கு போட்டுக்கிட்டீங்களா? திருட்டுக் கழுதை!"

'சந்தேகத்துக்குரிய கட்டணம்' என்று எழுதி, முப்பத்தோராயிரத்தோடு பில்லை வெட்டினேன். 'கமிஷன் வாங்கிட்டாளாம்' என்ற பேச்சு தொழிலாளிகளின் லயத்து வீடுகள் முழுக்கப் பரவியது. இரண்டு வாரம் கழித்து அவள் காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள். தினமும் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் ஆபீஸ் காகிதமெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஜனவரியில் வெயில் வந்ததும் பைல்களை வாசலில் பரப்பிக் காயவைப்போம். இந்த ஜனவரியில் அங்கம்மாவின் பில் காய்ந்து சுருண்டபோது, கடைசித் தாளின் முதுகில் ஒட்டியிருந்த இன்னொரு தாள் விட்டுக்கொண்டது. ஜானகி போன அதே தர்ம ஆஸ்பத்திரியின் கடிதம். 'ரத்தம் மிகக் குறைவு. இதயமும் பலவீனம். இங்கே ரத்த வங்கியோ தீவிர சிகிச்சைப் பிரிவோ இல்லை. உடனே கோயம்புத்தூர் கொண்டுபோகவும்.'

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அப்போதுதான் அந்த பில்லை வரிவரியாகப் படித்தேன். நாலு பாட்டில் ரத்தம், மூன்று நாள் தீவிர சிகிச்சை, இதய டாக்டர், மயக்க மருந்து டாக்டர். தர்ம ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பளத்தை டிரஸ்ட் கொடுக்கிறது. சிக்கலான கேஸை அவர்கள் தொடுவதே இல்லை. அதனால் அங்கே செலவு குறைவு. ஆபரேஷன் பெயர் ஒன்று என்றால் செலவும் ஒன்று என்று நினைத்த மடையன் நான். மலை டாக்டரின் கடிதம் இருந்தால் முழுத்தொகையும் தரலாம் என்பது எங்கள் எஸ்டேட் விதி. அந்த விதியை டைப் அடித்தவனே நான்தான். தூ!

மேனேஜர் கருணாகரனிடம் என் தப்பை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மார்ச்சில் மீதி நாற்பத்தேழாயிரம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"காசு சரிங்கய்யா. அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீங்களோ, அங்கயே வச்சுச் சொல்லிருங்க. அது போதும்."

மறுநாள் சாயங்காலம் கொட்டகை. அதே நாற்பது பேர். ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வேறு, வாயில் வந்தது வேறு.

"அங்கம்மாவோட பில்லு சரியான பில்லுதான். ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றேன்.

அங்கம்மா பையைத் தராசில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு ஆபீஸாங்கய்யா என்னையத் திருடின்னுச்சு?"

யாரும் சிரிக்கவில்லை.

"இல்லீங்க. நான்தாங்க சொன்னேன். அது என் தப்புங்க."

இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான். அவள் கையை எடுத்தாள். முள் இருபத்திரண்டில் நின்றது; நோட்டில் எழுதினேன். அடுத்தவளுக்கு வழிவிட்டு அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து என் நோட்டை எட்டிப் பார்த்து, நான் எழுதிய எண்ணை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போனாள்.