காரின் வாயில் வைத்த சந்தனம்

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எட்டு வரிசை வீடுகள். டாக்டர் இருக்கிறார், வக்கீல்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அங்கே முதன்முதலில் கரண்டு கார் வாங்கியது மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நான்தான். சுங்கைப் பட்டாணியில் லாரித் தொழில் செய்பவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறினேன். இன்று என் பேரில் ஆறு லாரிகள் ஓடுகின்றன. பாலிங் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன லாரியை, கியரை மாற்றி மாற்றியே கீழே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்குக்கூட எனக்குக் கை நடுங்கவில்லை.

கை நடுங்கியது போன வருஷம்தான், அந்தக் கரண்டு காரில்.

லாரி பேசும். என் லாரி தெருமுனையில் திரும்பும்போதே, வாசலில் இருந்தபடி எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மெக்கானிக்குகள் என்னைக் கூட்டிப்போய் எஞ்சினைக் கேட்கச் சொல்வார்கள். இந்தக் கார் பேசாது. அதற்கு என்ன வேண்டுமோ அதைக் கண்ணாடித் திரையில் எழுதிக் காட்டும். அங்கேதான் எனக்குச் சிக்கல். எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். மலாய் நன்றாகப் பேசுவேன், படிக்க வராது. ஆங்கிலத்தில் இரண்டுமே வராது. சாலைப் பலகைகளை உருவத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். மற்றதற்கெல்லாம், "கண்ணாடியை மறந்துட்டேன், கொஞ்சம் பாருங்க" என்று சொல்லியே வாழ்க்கையை ஓட்டிவிட்டேன். கணக்குப்பிள்ளைக்கும் தெரியாது, டிரைவர்களுக்கும் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

காரை வாங்கியதே அவளுக்காகத்தான். மூன்று வருஷமாக அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் சுங்கைப் பட்டாணியில் இரத்தம் சுத்தம் செய்யும் மையத்துக்குப் போகவேண்டும். டீசல் வாடை பட்டாலே குமட்டும், வண்டி குலுங்கினால் தலை சுற்றும். இந்தக் காரில் வாடையும் இல்லை, குலுக்கலும் இல்லை. முதல் நாள் உட்கார்ந்தவள், "தொட்டில் மாதிரி இருக்குங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொன்றுகூட வாங்கியிருப்பேன்.

புது வண்டியை முனீஸ்வரனிடம் காட்டாமல் எப்படி ஓட்டுவது? பெண்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, இருக்கிறான். அங்கே இருக்கும் முனீஸ்வரன் கோயிலில்தான் என் லாரிகள் அத்தனைக்கும் பூஜை போட்டேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலையில் நேராக மையத்துக்குப் போய்விடலாம் என்பது திட்டம்.

பூசாரி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், முன்னால் பொட்டு வைத்தார். லாரிக்குப் பூஜை என்றால் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் சந்தனம் வைப்பது வழக்கம். தட்டோடு வந்து நின்றார். நான் பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு கறுப்பு மூடிதான் இருந்தது.

"அண்ணே, எஞ்சின் எங்கண்ணே?"

"இதுக்கு எஞ்சினே கிடையாதுலா."

"அப்ப சந்தனத்தை எங்க வைக்கிறது?"

கோயில் வாசலில் தோட்டத்து ஜனம் மொத்தமும் நின்று வேடிக்கை பார்த்தது. நான் விடுவேனா? சார்ஜ் போடுகிற மூடியைத் திறந்தேன். மேலே சின்னதாக ஏழு துளைகள், கீழே பெரிதாக இரண்டு. "இதுதான் வாயி. இது வழியாத்தான் சாப்பிடுது. இங்க வைங்க" என்றேன்.

"கரண்டு வர்ற எடம்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"கொண்டாங்க தட்டை!"

நானே சந்தனத்தைக் குழைத்து எடுத்து ஒவ்வொரு துளையிலும் வைத்து அழுத்தினேன். மேலே குங்குமமும் வைத்துத் தீர்த்தத்தையும் தெளித்தேன். மச்சான் சிரித்தான்.

"மாமா, புள்ளையாருக்கே இவ்ளோ சந்தனம் வைக்க மாட்டாங்க."

"ஒன் எண்ணெ டின்னுக்கு வச்சா, அது குடிச்சிட்டுப் பொகையா விடும். போடா" என்றேன். அவனிடம் இருப்பது இருபது வருஷப் பழைய பெட்ரோல் கார். கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பான்.

பூஜை முடிந்ததும் ஜனங்களை ஐந்து ஐந்து பேராக ஏற்றி, வயல் ஓரமாக ஏர்கோனை முழுசாகத் திருப்பிவிட்டுச் சுற்றிக் காட்டினேன். திரும்பிவந்தபோது பேட்டரி நூற்றுக்குப் பதினொன்றில் நின்றது. எண் எனக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்கச் சுமந்த மாட்டுக்குத் தீனி போடுவதுபோல, மச்சான் வீட்டு பிளக்கில் வயரைச் செருகி அதன் வாயில் மாட்டினேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. வீட்டில் பச்சை வரும். இது தோட்டத்துக் கரண்டு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். திரையில் நாலைந்து வரி எழுத்து வந்தது. அடியில் ஒரு வட்டத்துக்குள் 'ஓகே' என்று இருந்தது. அந்த இரண்டு எழுத்து மட்டும் எனக்குத் தெரியும். அழுத்தினேன். எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. நானும் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் திரையைப் பார்த்தேன். பதினொன்று.

சுங்கைப் பட்டாணிக்கு அந்தப் பதினொன்று போதாது. அவளுக்கோ ஞாயிறும் திங்களும் சேர்ந்து இரண்டு நாள் இடைவெளி. வாரத்திலேயே உடம்பில் நீர் அதிகமாகச் சேர்வது அந்த இரண்டு நாளில்தான். கோயிலில் கொடுத்த மோரை வேறு வேண்டாமென்று சொல்லாமல் குடித்துவிட்டாள். கணுக்கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். மையத்தில் அவளுக்குப் பதினோரு மணிக்கு நேரம். அந்த நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். அதன்பிறகு அவசரப் பிரிவுதான் கதி. ஒரு தடவை அங்கே நெஞ்சில் நீர் கோத்து அவள் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

மச்சான் சாவியை நீட்டினான்.

"மாமா, என் காடியில போங்களேன்."

ஊர் பார்க்க வாயில் சந்தனம் வைத்துவிட்டு, கயிறு கட்டிய கதவைத் திறந்து நான் ஏறுவதா? "குரூண்ல சார்ஜ் போடுற எடம் இருக்குடா. பத்து நிமிஷத்துல ஏறிடும்" என்றேன். என் மனைவி தம்பியைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு ஏதோ பேசிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. சார்ஜ் மிச்சமாகட்டும் என்று ஏர்கோனை நிறுத்தினேன். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. துண்டால் துடைத்துத் துடைத்து, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். பின்னால் லாரிக்காரன் ஹோன் அடித்துக்கொண்டே வந்தான். நானும் ஒரு காலத்தில் அப்படி அடித்தவன்தான். ஒன்பது. எட்டு.

லாரியாக இருந்தால் எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. இந்தக் காரில் ஒரு சத்தமும் இல்லை. அதனால் அவள் மூச்சு விடுவது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. இழுத்து, அடியில் கொரகொரவென்று ஒரு சத்தம், பிறகு விடுவது. எத்தனையோ எஞ்சின்களைக் கேட்ட காது இது. தண்ணீர் புகுந்த எஞ்சின் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். அதே சத்தம். காதை மூடிக்கொள்ளலாம் என்றால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது?

"சாஞ்சு படுத்துக்க."

"படுத்தா... மூச்சு அடைக்குது. நீங்க... ரோட்டைப் பாருங்க."

குரூணுக்கு வந்தபோது நான்கு காட்டியது. பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்து ஓரத்தில் சார்ஜ் தூண்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண் ஒருவர் தன் காரை மாட்டியிருந்தார். மற்றதில் நான் வயரை இழுத்துச் செருகினேன். சிவப்பு. எடுத்துத் திரும்பச் செருகினேன். சிவப்பு. மூன்றாவது தடவை என் கை ஆடிய ஆட்டத்தில் வயர் துளைக்குள் போகவே மாட்டேன் என்றது. தூணிலும் எழுத்து வந்தது, காரிலும் எழுத்து வந்தது. இரண்டும் என்னைப் பார்த்து என்னமோ கத்துகின்றன, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே அவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் அருகில் வந்து, "ஏன் பாச்சே, ஏறலையா?" என்று மலாயில் கேட்டார். பெரியவர்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கண்ணாடியை மறந்துட்டேன்மா. என்ன எழுதியிருக்குன்னு தெரியல" என்று நானும் மலாயில் சொன்னேன்.

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். கண்ணாடி அங்கேதான் இருந்தது.

காருக்குள்ளிருந்து இருமல் கேட்டது. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. கொஞ்சம் படிச்சுச் சொல்லு. என் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டேன். அத்தனை வருஷம் மறைத்ததை ஓர் எண்ணெய் நிலையத்தில், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னேன்.

அவர் படித்தார். துளைக்குள் ஏதோ அடைத்திருக்கிறதாம், ஈரமும் இருக்கிறதாம், சுத்தம் செய்யாமல் ஏறாதாம். கைப்பேசி வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"மஞ்சளா இருக்கே பாச்சே. குஞிட்டா?"

சமையல் மஞ்சளா என்று கேட்கிறார். எனக்கு உச்சந்தலையில் இடி இறங்கியது. என் கையாலேயே வைத்த சந்தனம். என் விரல் அளவுக்குத்தான் அந்தத் துளைகளே இருந்தன, அவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறேன். மனைவியின் கொண்டை ஊசியைக் கேட்டுக் காருக்குள் கையை நீட்டினேன்.

"குத்தாதீங்க! கரண்டு!" என்று அந்தப் பெண் கத்தினார்.

"அதை விடுங்க" என்றாள் என் மனைவி. "தம்பிக்கு... போன் போடுங்க. அவன் பின்னாலதான் வர்றான்."

"எந்தப் பின்னால?"

"நான்தான் வரச் சொன்னேன். ராத்திரி... நீங்க படிக்காம ஓகே அமுக்குனதை... சன்னல்ல பாத்தேன்."

மச்சானுக்குப் போன் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அந்த எண்ணெய் டின் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. சாலை முனையிலிருந்த சாப்பாட்டுக் கடையில் நின்றிருக்கிறான். கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க மாமா. இதுக்கு வாயெல்லாம் தொறந்துதான் இருக்கு."

வேறு நாளாக இருந்தால் அறைந்திருப்பேன். அன்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். பெட்ரோல் வாடைக்கு அவள் புடவை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். வழி முழுக்க அந்தப் பழைய எஞ்சின் கடகடவென்று அடித்தது. அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. கேட்காததும் பயமாக இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன்.

பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மெஷினை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. மிஸ்ஸி, அதாவது அங்கே வேலை செய்யும் தாதி, திட்டிக்கொண்டே ஊசியைப் போட்டார். இரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் கண்ணை மூடிச் சாய்ந்து படுத்தாள்.

அப்போது மெஷின் கூவியது. திரையில் மஞ்சள் எழுத்து மினுக்கியது. மூன்று வருஷமாக அந்தத் திரைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து வரும், மிஸ்ஸி வந்து எதையோ அழுத்திவிட்டுப் போவார், நான் எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டுவேன். அன்றும் மிஸ்ஸி வந்து கையை நீட்டினார்.

"மிஸ்ஸி, கொஞ்சம் இருங்க" என்றேன். "அதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன அங்கிள், இத்தன வருஷமா கேக்கவே இல்ல? அண்ட்டி கை மடங்கியிருக்கு. இரத்தம் சரியா வரல. நேரா வைக்கச் சொல்லுது, அவ்ளோதான்."

அவள் கையை நேராக நீட்டி வைத்தேன். கூவல் நின்றது. தூக்கத்தில் திரும்ப மடக்கிவிடுவாளோ என்ற பயத்தில், மெஷின் ஓடி முடியும்வரை அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.