டி.எஸ்.எச். ஜாஸ்தி

என் கணவர் கணக்கு வாத்தியார். ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் படிப்பதில் எங்கள் தெருவுக்கே அவர்தான் டாக்டர். யார் வீட்டில் சர்க்கரை பார்த்தாலும் காகிதம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் எச் என்று இருந்தால் ஜாஸ்தி, குறைக்கணும். எல் என்று இருந்தால் கம்மி, ஏத்தணும். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அது எப்படியோ ஓடிவிட்டது.

போன வருஷம் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த கட்டி புற்றாக இல்லை, பிழைத்தேன். சுரப்பி செய்த வேலையை இனி ஆயுசுக்கும் மாத்திரைதான் செய்யும் என்றார் டாக்டரம்மா. காலையில் வெறும் வயிற்றில் நூறு மைக்ரோகிராம். அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. ஆறு வாரத்தில் ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டோடு வர வேண்டும், அதைப் பார்த்து அளவை மாற்றுவார்கள்.

ரத்தம் இங்கே திருவண்ணாமலையிலேயே கொடுத்தேன். வேலூர் போக வேண்டிய நாள் பார்த்துப் பௌர்ணமி வந்து தொலைத்தது. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைப் பிடிக்கவே ஊருக்கு வெளியே நடந்து போக வேண்டும். "இந்தக் கூட்டத்துல எங்க போறது? ரிப்போர்ட்தான் போன்லயே வந்துடுச்சே" என்று இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டி.எஸ்.எச். பதினொன்று. பக்கத்தில் தடித்த எழுத்தில் எச்.

"பாத்தியா, தைராய்டு ஜாஸ்தியாயிடுச்சு. மாத்திரை ஓவராப் போவுது."

"டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுடலாங்க."

"கேட்டா அவங்களும் இதத்தான் சொல்வாங்க. அதுக்கு ஒரு நாள் லீவு போடணுமா?"

சவர பிளேடால் மாத்திரைகளை ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அத்தனை சுத்தமாக வெட்டுவார், பொடி கூட உதிராது. கழுத்தில் சுரப்பியே இல்லாதவளுக்கு அது எப்படி ஜாஸ்தியாகும் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அந்த எரிச்சல் என் மேல் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அப்போது நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஓர் ஆன்லைன் சென்டரில் வேலை பார்த்தேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. தப்பில்லாமல் அடிப்பேன் என்று ஜனங்கள் என் மேஜைக்குத்தான் வரிசை கட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. வீட்டில் என்னை எதற்கும் யாரும் தேடியதில்லை. அங்கே தேடினார்கள்.

அரை மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் கை கால் கனத்தது. சித்திரை வெயிலில் ஊரே வேகும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முகம் உப்பியது, முடி கொத்துக் கொத்தாக வந்தது. திரையில் பெயரைப் படிப்பேன், விரல் விசைப்பலகைக்கு வருவதற்குள் மறந்துவிடும். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். நாற்பதைத் தாண்டியிருந்தது.

"இன்னும் ஏறியிருக்கு பாரு" என்றார். "இனிமே ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு, போதும்." மத்தியானம் நான் படுத்தால், "சோம்பேறித்தனத்துக்கு எவன் மாத்திரை கண்டுபிடிச்சிருக்கான்?" என்பார். அட பாவி மனுஷா! நானும் அதை நம்பினேனே. எனக்கே புத்தி மழுங்கிவிட்டது, வயசாகிவிட்டது என்று நினைத்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஸ்காலர்ஷிப் படிவத்தில் பிறந்த வருஷத்தைத் தப்பாக ஏற்றிவிட்டேன். அது நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தபோது கடைசித் தேதி போயிருந்தது. அவள் அம்மா சென்டருக்கு வந்து நின்றாள். "படிச்சவங்கன்னு நம்பித்தானம்மா குடுத்தேன். எம் பொண்ணு வாழ்க்கைல மண்ணப் போட்டுட்டீங்களே" என்று எல்லார் எதிரிலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். மறுநாள் சென்டர் முதலாளி, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அதன் பிறகு ஒரு காலையில் அடுப்படியிலேயே நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். இவர் பயந்துபோய் வேலூருக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பார்த்தார், டப்பாவைத் திறந்து அரை மாத்திரைகளைப் பார்த்தார்.

"டி.எஸ்.எச்.ங்கறது தைராய்டு இல்லம்மா. மூளைக்கு அடியில இருக்கற சுரப்பி, ஹார்மோன் பத்தல, பத்தலன்னு கத்தற சத்தம் அது. அது ஏறினா மாத்திரைய ஏத்தணும். நீங்க கொறச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நினைவு தப்பியிருக்கும். யார் கொறைக்கச் சொன்னது?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

"நான்தான் மேடம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? இருபத்திரண்டு வருஷமாக இவர் தலை எங்கேயும் குனியாமல் பார்த்துக்கொண்ட பழக்கம், வேறென்ன. "படிச்சவங்கதானே நீங்க? உயிரோட விளையாடறீங்களா?" என்று டாக்டரம்மா பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். பழையபடி முழு மாத்திரையும், அதற்கு மேல் ஒரு கால் பங்கும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தால் ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கூட வேண்டாம். "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டிருந்தால் போதும், மனசு ஆறியிருக்கும். பஸ் ஏறினோம். ஜன்னலோரம் எனக்கு விட்டார், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். கண்ணமங்கலம் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிமேலாவது டாக்டர் சொல்றபடி கேளு. உன் இஷ்டத்துக்குக் கொறச்சுக்கிட்டா இப்படித்தான் ஆவும்."

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சமாளிக்கவும் இல்லை. அதற்குள் அவரே அதை நம்பிவிட்டிருந்தார்.