மங்கம்மா அக்கா படித்த கதை

மங்கம்மா அக்கா இறந்துவிட்டார். நேற்று மதியம், சித்தூர் ஆஸ்பத்திரியில். காலையில் அவரோடு வேலை செய்த லட்சுமி போன் செய்து சொன்னாள்.

அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன்... இது நாலாவது.

எம்.ஃபில் ஆய்வுக்காக ஒரு மாம்பழ சீசன் முழுக்கத் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் போய்வந்தேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பழம் பொறுக்கும் பெண்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு.

எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பழம் பொறுக்கும் லைனில் இருந்த பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். அக்கா ஏழாவது வரை படித்தவர். சாப்பாட்டு நேரத்தில் தெலுங்குப் பத்திரிகையை விரித்து, தமிழில் கதையைச் சொல்லிக்கொண்டே போவார்.

பாதிப் பேருக்குக் கணவர் குவைத்தில், இல்லையென்றால் பெங்களூரில். அக்காவின் கணவர் குவைத் போய் ஒன்பது வருஷம். போனும் நின்றுபோயிருந்தது.

அந்த வாரக் கதையில், அமெரிக்கா போன கணவன் பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நிற்கிறான்.

“அவ கேட்டத் தொறக்கல. உள்ள இருந்துகினே கேக்கறா... யார்பா நீ, இன்னா வேணும்?” என்றார் அக்கா, பத்திரிகையைப் பார்த்தபடியே.

“அப்பிடிப் போடு!” என்று லட்சுமி தட்டிலேயே தாளம் போட்டாள். “அப்பால இன்னாக்கா?”

சைரன் அடித்தது. “மீதி நாளைக்கி. எந்திரிங்கடி, சூப்பர்வைசர் வந்துகினு இருக்கான்.”

எனக்கு மறுநாள் வரை பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அதே பத்திரிகையை வாங்கினேன். அதில் அவன் கூப்பிடும் முன்பே அவள் ஓடிவந்து கேட்டைத் திறக்கிறாள். அவன் தோளில் சாய்ந்து அழுகிறாள்.

அடுத்த நாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். ஏதோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில். “அக்கா, புக்ல அப்படி இல்லியே! அவ தொறந்து சேத்துக்கறாளே?”

“இன்னாக்கா, இத்தினி நாளு எங்க காதுல பூ சுத்திக்கினு இருந்தியா?” என்றாள் லட்சுமி.

“குவைத்துக்காரன் மேல இருக்கற கோவம்டி அது!” என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பத்திரிகையை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் படிக்கச் சொல்லிக் கேட்டதற்கு, “கண்ணாடி மறந்துட்டேன் பாப்பா.” அதற்கு மறுநாளும் கண்ணாடி இல்லை. சீசன் முடியும் வரை அந்தக் கண்ணாடி வரவே இல்லை.

படிப்பவர் கையில்தான் கதை முழுசாகிறது... இதை நான் வகுப்பில் படித்துவிட்டுத்தான் அங்கே போனேன். இருந்தும் அச்சடித்த பக்கத்தைச் சாட்சிக்குக் கொண்டுபோனேன்.

அதையே ஓர் அத்தியாயமாகவும் எழுதினேன். ஆங்கிலத்தில். ‘மிக நல்ல உதாரணம்’ என்று கைடு ஓரத்தில் எழுதிக்கொடுத்தார்.

போன வருஷம் வேலூர் பஸ்ஸில் ஏறப்போன அக்கா என்னைப் பார்த்து நின்றார். “என்னப் பத்தி எழுதினியாமே. இன்னா எழுதின?”

“நல்லாதான்க்கா எழுதியிருக்கேன். ஒருநாள் வந்து படிச்சுக் காட்டறேன்.”

“வா... வரும்போது துன்னுட்டு வராத. எங்க ஊட்ல துன்னலாம்.”

போகவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து அதைப் படிக்க பயமாக இருந்தது.

அக்கா, அச்சில் வந்த முடிவு எனக்குத் தெரியும். நீங்கள் மறுநாள் சொல்லவிருந்த மீதிதான் தெரியாது.

போய் வாருங்கள். அவன் பெட்டியோடு வெளியேதான் நிற்கிறான். கேட்டை யாரும் திறக்கவில்லை.