இரண்டு காலையும் காட்டுங்கள்

பிசியோதெரபி முடித்த கையோடு நான் சேர்ந்தது கால்களுக்கான ஒரு வருடப் பயிற்சியில். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைச் சோதிப்பது, காய்ப்பைச் சீவி எடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, எந்தக் காலுக்கு எந்தச் செருப்பு என்று சொல்வது, இவைதான் பாடம். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். "டாக்டருக்குப் படிப்பான்னு பாத்தா, கால் கழுவற வேலைக்குப் போறா" என்று என் அத்தை போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்பா மட்டும் எல்லோரிடமும் "எம் பொண்ணு பாத டாக்டர்" என்பார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வார்டில் முதல் வாரமே, எங்களுக்குப் பயிற்சி தந்த டாக்டர் மேடம் ஒன்றைச் சொல்லிவிட்டார். நோயாளி வலிக்கிற காலைத்தான் காட்டுவார். நீங்கள் வலிக்காத காலையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதனால் "இரண்டு காலையும் காட்டுங்கள்" என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை உண்டு. தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, அதைப் பாதத்தில் வைத்து அழுத்தி, இழை வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். பட்டது தெரிந்தால் அவர் "ம்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் பழகிப் பாருங்கள் என்றார் மேடம்.

அப்பா அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டென்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷச் சர்க்கரைக்காரர். போட்டோ எடுக்கப் போகிறவர்போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார். நான் தொடத் தொட "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு சும்மா இருந்தேன்.

"ம்" என்றார்.

"அப்பா, நான் தொடவே இல்ல."

"எப்படியும் தொடத்தானே போற. அதான் முன்னாடியே சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி ஒழுங்காகச் சோதித்தபோது இரண்டு பாதங்களின் அடியும் மரத்துப்போயிருந்தது. நெருப்பில் வைத்தாலும் அந்தக் கால்கள் அவரிடம் ஒன்றும் சொல்லாது.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டேன். வெறுங்காலில் ஓர் அடி வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்புத்தான். அடிப்பக்கம் மெத்தென்று இருக்கும் செருப்பு ஒன்றை ஆஸ்பத்திரியிலேயே அவருக்காக அளவெடுத்துச் செய்து வாங்கி வந்தேன். அம்மா குதிகுதியென்று குதித்தாள்.

"சாமி இருக்கற வீட்டுக்குள்ள செருப்பா?"

"சாமிக்குக் கால்ல உணர்ச்சி இருக்கும்மா. இவருக்கு இல்ல."

சில நாள் அந்தச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள். பிறகு ஒரு காலையில் பார்த்தால், அந்தச் செருப்பை அவளே துடைத்து அப்பாவின் கட்டிலடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த வருஷக் கோடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வேலூர்ப் பக்கம், இங்கே கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டுச் செருப்பை என்னால் ஜெயிக்க முடிந்தது. ஊரார் வீட்டு வாசல்களை என்ன செய்வது? பெண்ணைப் பெற்றவர் தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தாக வேண்டும். வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெத்தைச் செருப்போடு உள்ளே போங்கள், சர்க்கரை என்று சொல்லுங்கள் என்றேன்.

"சொந்தக்காரன் வீட்டுக்குள்ள செருப்போட போய்ப் பத்திரிக வெச்சா, கல்யாணத்துக்கு எவன் வருவான்? சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு. ஒரு மாசந்தானே" என்று கன்னடத்தையும் கலந்து சமாதானம் சொன்னார் அப்பா.

முதல் பத்திரிகை சாமிக்கு. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்ததாக அம்மா பிறகு சொன்னாள். கருங்கல் தரை. கூட வந்தவர்கள் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடியபோது அவர் மட்டும் நிதானமாக நடந்தாராம். "எவ்ளோ பக்தி பாருங்க" என்று யாரோ சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு அவர் சாக்ஸ் போட ஆரம்பித்தார். பெங்களூர்க் குளிர் ஆகவில்லை என்றார், சித்திரை மாதத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பார்க்க உட்கார்ந்தால் வலது காலை நீட்டுவார். இடதையும் காட்டுங்கள் என்றால், "ரெண்டும் ஒரே அச்சுல வார்த்ததுதான். கல்யாணப் பொண்ணு போய் மொகத்துக்கு எதையாவது பூசு" என்று எழுந்துவிடுவார். மல்லுக்கு நின்றால் சமையல்காரரைப் பார்க்க வேண்டும், பந்தல்காரர் காத்திருக்கிறார் என்று கிளம்பிவிடுவார். காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். இரவு அவர் வருவதற்குள் தூங்கியிருப்பேன். ஊரில் உள்ளவர்களின் கால்களையெல்லாம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கால் எனக்குப் போக்குக் காட்டியது.

கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன்னால் பாத பூஜை. அம்மாவும் அப்பாவும் மேடையில் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் கால்களைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அடுத்து அப்பாவின் முன்னால் தாம்பாளத்தை நகர்த்தினேன். அவர் வலது காலை மட்டும் தூக்கி வைத்தார். இடது கால் வேட்டிக்குள் பின்னால் போயிருந்தது.

"ரெண்டு காலையும் வையுங்க சார்" என்றார் ஐயர்.

கால் வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பவுடரும் சந்தனமும் அள்ளிப் பூசியிருந்தார். ஆனாலும் அதற்குக் கீழே இருந்த வாடையை நான் தினமும் வார்டில் முகர்ந்தவள். பாதத்தைக் கையில் ஏந்தினேன். அனலாகக் கொதித்தது. கட்டைவிரலுக்கு அடியில் தோல் நிறத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது. சொம்பிலிருந்த பாலை ஊற்றக் கை வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்தார். ஆசீர்வாதம் செய்கிறார் என்றுதான் மண்டபத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"ஒண்ணும் சொல்லாதே கண்ணு. தாலி ஏறட்டும்."

"எத்தன நாளாப்பா?"

"பொட்டு வை."

அவர் முகத்தைப் பார்த்து எனக்கு வந்தது கோபந்தான். தாம்பாளத்தைத் தூக்கி வீசிவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்ற வேண்டும்போல இருந்தது. அம்மா பக்கத்தில் சிரித்த முகமாக இருந்தாள். மேளக்காரர் ஐயரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புண்ணில் படாமல் மேல்பாதத்தில் மட்டும் பால் ஊற்றினேன். மஞ்சள் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பூவால் விரல்களை மூடினேன். அழுதேன். பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று நினைத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து அழுதார்கள்.

கெட்டிமேளம் அடங்கியதும் கணவராகிவிட்டவரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே வண்டி கொண்டுவர ஆள் அனுப்பினார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, மாலையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, கூறைப்புடவையோடு நான் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரிக்கே அப்பாவைக் கொண்டுபோனோம். மேடம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பிறகு அப்பாவின் காலைப் பார்த்தார். புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்க்கும்போது எலும்பில் தட்டினால் வருகிற 'டிக்' என்ற அதிர்வை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் கம்பியை விட்டார். சத்தம் எனக்கே கேட்டது; புண் எலும்புவரை போயிருந்தது. அப்பாவுக்கு வலிக்கவில்லை. "என்னம்மா, எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க? சாயந்திரம் ரிசப்ஷன் இருக்கு" என்றார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தாலி ஏறும்வரை நான் பொறுத்திருந்த அந்த அரைமணி நேரத்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை, அதற்கு முன்னால் போன வாரங்கள்தான் காரணம் என்று மேடம் என் தோளைப் பிடித்துச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆபரேஷன் முடிந்து அவர் தெளிவாகப் பேசத் தொடங்கிய நாளில் கேட்டேன்.

"ஏம்ப்பா மறைச்சீங்க?"

"நீ பாத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அட்மிட் பண்ணியிருப்பேன்."

"கல்யாணம்?"

"நிறுத்தியிருப்பேன்."

"அதான்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார் பாவி மனுஷன். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். ஒரு முகூர்த்தம் போனால் இன்னொன்று வந்திருக்கும். அதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு நேரம் தரவே இல்லை.

வேறு யாரையாவது கட்டுப் போடச் சொல்கிறேன் என்றார் மேடம். வேண்டாம் என்றுவிட்டேன். புதுத்தாலியைப் புடவைக்குள் செருகிக்கொண்டு தினமும் நானே கட்டு மாற்றினேன். பயிற்சியின் மிச்ச மாதங்கள் அப்படித்தான் போயின. பிறகு செயற்கைக் கால் வந்தது. அதை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய் வருவார். மிஞ்சிய வலது காலைக் கேட்காமலே நீட்டுவார். நான் விரலிடுக்குகளைத் துடைத்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவுவேன். கடைசிவரை அதில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. ஆனால் சர்க்கரை இன்னொரு பக்கமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் மாரடைப்பில் போய்விட்டார்.

கூடத்தில் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, தாடையைச் சுற்றிக் கட்டினார்கள். அடுத்து கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சடங்கு செய்ய வந்தவர் வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு கால்மாட்டில் குனிந்தார். வேட்டியை விலக்கினார். துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இத எதோட சேத்துக் கட்டறது?" என்று கேட்டார்.

கால் விஷயம் என்பதால் கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.