எழுதாமல் போன விண்ணப்பம்

1956 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி விடுதியை ஒரு சுற்று வந்தேன். விடுதிக் காப்பாளனாக அது என் அன்றாட வேலை. பின்கட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆள் அனுப்பினேன். காலையில் உப்புமா. பத்து மணிக்கு எனக்கு முதல் வகுப்பு.

கட்டுமாவடியிலிருந்து வந்து இண்டர்மீடியட் படித்த பையன் அன்றும் வகுப்பில் இல்லை. கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்தவன். தீபாவளி விடுமுறையில் தகப்பனாரோடு கடலுக்குப் போனபோது காற்றில் படகு கவிழ்ந்தது. அவனை மட்டும் வேறு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். அரையாண்டுத் தேர்வில் கணக்குத்தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு எழுந்து போனான். மதுவிலக்குக் காலம் அது. வயிற்றுவலிக்கென்று மருந்துக்கடையில் விற்ற, சாராயம் கலந்த இஞ்சி டிங்சரைப் போதைக்காகக் குடித்துவிட்டு அறையிலேயே கிடப்பான்.

"ரசத்துல இஞ்சி பத்தலைன்னா இவனப் பிழிஞ்சுக்கங்கடா" என்று பந்தியில் மற்ற பையன்கள் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

வருகை குறைந்ததால் பரீட்சை எழுத முடியாத நிலை. மாலையில் அவனை முதல்வரிடம் அழைத்துப் போனேன்.

"தகப்பனார் தவறிட்டாருன்னு எழுதி, ஒங்க ஊர் மணியக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா தம்பி. யூனிவர்சிட்டிக்கு நான் சிபாரிசு பண்றேன்" என்றார் முதல்வர்.

"வேணாங்க சார்."

"ஏன்?"

"எங்க ஆத்தா இன்னும் பொட்டு வச்சிருக்குங்க. அப்பா சிலோன்ல கரையேறியிருப்பாருன்னு நம்பிக்கிட்டு இருக்கு. மணியக்காரர் கையெழுத்துப் போட்டா அன்னைக்கே தாலிய அறுத்துருவாங்க."

உடல் கிடைக்காதவரின் மனைவி, ஊர் ஒப்புக்கொள்ளும்வரை அந்தக் கரையில் சுமங்கலிதான்.

"நீயும் அப்படித்தான் நம்புறியா?"

அவன் தரையைப் பார்த்தான். "நான்தான் சார் அவர் கையப் பிடிச்சிருந்தேன். என் கண்ணு முன்னாலதான் முங்கினாரு. ஆத்தாகிட்ட, அலை அங்கிட்டு இழுத்துட்டுப் போயிருச்சுன்னு சொல்லிட்டேன்."

முதல்வர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஒரு வருஷம் போயிருமேப்பா" என்றார்.

"போகட்டுங்க."

அன்றிரவே பெட்டியோடு ஊருக்குக் கிளம்பினான்; பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். "ஊர்லயாவது அதக் குடிக்காம இரு" என்றேன்.

"ஆத்தா தெனமும் கடலப் பாத்து நிக்கும் சார். நானும் பக்கத்துல நிக்கணுமே" என்றான். வாயில் இஞ்சி வாடை. அறந்தாங்கி பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சமையற்கட்டுக்குப் போய், ஓர் இலை குறைத்துப் போடச் சொன்னேன்.